கியர்பாக்ஸ் இல்லாத ஸ்கூட்டர் வந்தாச்சு: ஓசூர் ஹீட் ட்ரீட்மென்ட் வேலை என்னவாகும்?

ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ஐக்யூப் ஸ்கூட்டரில் மோட்டார் பின்சக்கரத்திலேயே இருக்கிறது. கியர்பாக்ஸ் கிடையாது. மின் வாகனங்கள் பெருகினால், கியர்களைச் சூடேற்றிக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட்டுகளுக்கு என்ன வேலை? சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை பக்கமிருந்து ஓசூருக்கு வரும் ஐடிஐ, டிப்ளமோ இளைஞர்களுக்கு இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. பதில் உலைக்குள் இருக்கிறது.

உலைக்குள் என்ன நடக்குது?

கியர் பல்லின் மேற்பரப்பில் சுமார் 0.8% கார்பன் இருக்கும். இந்த ஸ்டீலை 727 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அணுக்கள் ஆஸ்டெனைட் என்ற அமைப்புக்கு மாறும். சூடாக்குறது பெரிய விஷயமில்லை. குளிரும்போது எந்த வெப்பநிலையில் மறுபடி மாறுது என்பதுதான் எல்லாமே.

700 டிகிரியை ஒட்டி மாறினால் கார்பன் நகர நேரம் கிடைக்கும். தடித்த அடுக்குகளோடு மென்மையான பியர்லைட் வரும். 600 பக்கம் மாறினால் அடுக்குகள் மெலிந்து வலிமை கூடும். ரயில் தண்டவாளம் இந்த ரகம். 300 வாக்கில் பெய்னைட்: கடினமாகவும் இருக்கும், சட்டென்று உடையவும் உடையாது. சுமார் 220 டிகிரி வரை மாறாமல் தப்பித்து வந்தால், நகர முடியாத கார்பன் உள்ளேயே சிக்கி மார்ட்டென்சைட் ஆகிவிடும். மிகக் கடினம், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால்தான் 150–200 டிகிரியில் டெம்பரிங்.

அமெரிக்காவில் டேவன்போர்ட், பெயின் இருவரும் 1930-ல் இதை வரைபடமாக்கினார்கள். பெய்னைட் என்ற பெயரே அந்த பெயினிடமிருந்து வந்ததுதான்.

அலாய் எதுக்கு?

வெறும் கார்பன் ஸ்டீல் அவசரக்காரன். 550 டிகிரி பக்கம் ஒன்றிரண்டு விநாடியிலேயே மாறத் தொடங்கிவிடும். அதை முந்தத் தண்ணீரில் முக்கினால் கோணும், விரிசல் விடும். குரோமியம், மாங்கனீஸ், நிக்கல், மாலிப்டினம் சேர்த்தால் மாற்றம் தாமதமாகும். எண்ணெயில் நிதானமாகக் குளிர்வித்தாலும் மார்ட்டென்சைட் கிடைக்கும்.

அப்போ மின் வாகனத்தில்?

மின் கார்களில் பெரும்பாலும் ஒரே ஒரு வேக விகிதம்தான். கியர்களின் எண்ணிக்கை நிச்சயம் குறையும். ஆனால் மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேலும் ஓடும். மறைக்க இன்ஜின் சத்தம் இல்லாததால், குளிர்விப்பில் லேசாகக் கோணிய பல்லும் ஊளையிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அடி விழப்போவது கண் திட்டத்தில் எண்ணெய்த் தொட்டி நடத்தும் யூனிட்டுகளுக்குத்தான். வேலைக்குச் சேர்பவர்கள் இன்டர்வியூவிலேயே கேட்கலாம்: இங்கே குவென்ச் எண்ணெயின் வெப்பநிலையை யார், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை குறித்து வைக்கிறாங்க?