குழந்தையைப் பிடிப்பது யார்?



சென்ற திங்கள் ஒரு மாலை வேளையில் தாய் ஒருவர் என்னைக் காண வந்தார். அமர்ந்தவுடன் கண் கலங்கினார். அவருடைய மூத்த மகள் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் துறையில் பட்டப்படிப்பை முடித்து, இப்போது மருத்துவமனை ஒன்றில் ஓராண்டுப் பயிற்சியில் இருக்கிறாள். "சாமி, போதும், வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்க மறுக்கிறாள். நாள் முழுதும் கதிரடியில் நிற்கும் பெண்ணை யார் கட்டுவார், அவள் மடியில் பிள்ளை தவழுமா என்று உறவினர் கேட்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார்.

அந்தத் தாயின் அச்சத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்ஜன் இக்கதிரைக் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் மருத்துவர்கள் அதைக் கையாளத் தொடங்கினர். கதிரின் வலிமையைச் சோதிக்கத் தம் கையையே அதன் முன் நீட்டிப் பார்த்தவர் பலர். தோல் கருகியது, விரல்கள் வெட்டப்பட்டன, உயிர்களும் போயின. இவ்வாறு மாண்டவர்களுக்கு 1936-இல் ஹாம்பர்க் நகரில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். பிற்காலத்தில் சேர்த்தவற்றோடு அதில் 300-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன.

முதல் உலகப் போரின்போது மேரி கியூரி அம்மையார் எக்ஸ்-கதிர்க் கருவி பூட்டிய வண்டிகளைப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். அவற்றை இயக்க ஆள் வேண்டுமே! 1916 முதல் பாரீசின் ரேடியம் நிலையத்தில் ஏறத்தாழ 150 பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். மின்சாரம், உடற்கூறு, படமெடுக்கும் செய்முறை ஆகியவற்றைக் கற்றுக்கொண்டு அவர்கள் மருத்துவமனைகளுக்குச் சென்றார்கள். அம்மையாரின் இளவயது மகள் ஐரீனும் தாயோடு உழைத்தார். தாய் 1934-இலும், மகள் 1956-இலும் இரத்த நோய்களால் இறந்தார்கள். வாழ்நாளெல்லாம் பட்ட கதிர்வீச்சே அதற்குக் காரணம் எனப் பலரும் கருதுகின்றனர்.

எனவே அஞ்சுவது தவறன்று. ஆனால், எதற்கு அஞ்ச வேண்டும் என்று அறிந்து அஞ்ச வேண்டும். அடுத்த ஞாயிறன்று மகளையும் அழைத்து வருமாறு அந்தத் தாயிடம் கூறினேன். இருவரும் வந்தார்கள்.

"அம்மா, விசையை நிறுத்தியவுடன் கதிரும் நின்றுவிடும். விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்குமா? அதுபோலத்தான்" என்று மகளே தாய்க்கு விளக்கினாள். படமெடுக்கும்போது நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிரே பணியாளருக்கு வரும் முதன்மையான ஆபத்தாம். அதனால் தடுப்புக்குப் பின்னே நின்றே விசையை அழுத்த வேண்டும். நகர்த்தும் கருவியைப் படுக்கையருகே கொண்டு சென்றால், ஈயக் கவசம் அணிந்து விலகி நிற்க வேண்டும். தொலைவு இருமடங்கானால் கதிரின் வலிமை கால்பங்காகக் குறைந்துவிடும்.

மார்பில் குத்தியிருந்த சிறிய டி.எல்.டி. பேட்ஜையும் காட்டினாள். கவசத்துக்கு உள்ளே அணியும் அது, உடலில் பட்ட கதிரின் அளவைப் பதிவு செய்கிறது. மூன்று திங்களுக்கு ஒருமுறை அதைக் கணக்கெடுக்கிறார்கள். நம் நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்பு இது: ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டலாகாது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நம் ஒவ்வொருவர் மேலும் ஆண்டுதோறும் படுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். பணியாற்றும் பெண் கருவுற்றால் உடனே அறிவிக்க வேண்டும்; அதன்பின் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேராதபடி பணியை மாற்றித் தர வேண்டும்.

பிள்ளைப்பேறு பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய நகரங்களில் 1945-இல் அணுகுண்டுக்குத் தப்பியவர்களுக்குப் பின்னர் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். பெற்றோர்மேல் பட்ட கதிரால் அக்குழந்தைகளுக்குப் பரம்பரைக் குறை நேர்ந்ததாக இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. விதிகளைப் பேணிப் பணியாற்றும் பெண்ணைக் கதிரின் பெயரால் ஒதுக்குவது அறியாமையேயன்றி வேறன்று.

பின்னர் அவள் தன் பயிற்சியைப் பற்றிக் கூறினாள். முதல் சில வாரங்கள் விசையைத் தொடவே விடவில்லையாம். நோயாளியை வரவேற்கவும், பெயர் கேட்கவும் மட்டுமே பழக்கினார்கள். "நீங்கள்தானே இன்னார்?" என்று நாமே கேட்டால், காது கேளாத பெரியவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வைக்க வேண்டும். பெண்களிடம் பிறர் கேளாதபடி, கருவுற்றிருக்கிறார்களா என்று வினவ வேண்டும். மார்புப் படத்துக்குப் பின்னலைத் தூக்கி முடியச் சொல்ல வேண்டும். தோளில் புரளும் பின்னலின் நிழல் நுரையீரல் நோய்போல் படத்தில் விழக்கூடும். தாலிச் சங்கிலியையும், நம் மக்கள் கழுத்தில் அணியும் சுரூபத்தையும் கழற்றச் சொல்லும்போது மனம் புண்படாதபடி பேச வேண்டும். "இதையெல்லாம் புத்தகத்திலும் படித்தேன், சாமி. ஆனால் நடுங்கும் கையோடு ஒரு பாட்டி என் முன் நின்றபோதுதான் கற்றுக்கொண்டேன்" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். முற்காலத்தில் படம் சரியாக விழாவிட்டால் ஒரு பிலிம் வீணாகும்; எல்லாருக்கும் தெரிந்துவிடும். இன்றோ கணினித் திரையில் நொடியில் படம் தோன்றுகிறது. பிழையானால் அழித்துவிட்டு மறுபடியும் எடுத்துவிடலாம். பிலிம் செலவு இல்லை. ஆனால் நோயாளியின் உடலில் கதிர் இருமுறை பட்டுவிடுகிறதே! ஆகையால் தான் மீண்டும் எடுத்த ஒவ்வொரு படத்தையும், அதன் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறாளாம். யாரும் பாராத இடத்தில் தன் பிழையைத் தானே எழுதும் அந்தப் பெண்ணைக் கண்டு என் மனம் நிறைந்தது.

அப்போது தாய் குறுக்கிட்டார். "எல்லாம் சரி. அழும் குழந்தைகளைப் பிடித்துக்கொள்வது யார் என்று கேளுங்கள், சாமி."

மகள் தலைகுனிந்தாள். சிறு குழந்தைக்குப் படமெடுக்கையில் அசையாமல் பிடிக்கப் பயிற்சி மாணவிகளையே நிறுத்துகிறார்களாம். கவசம் கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. விதியோ தெளிவாக இருக்கிறது: குழந்தையையோ தளர்ந்த நோயாளியையோ பிடிக்க வேண்டியவர் வயதுவந்த உறவினர் அல்லது உடன் வந்தவர், அவருக்கும் கவசம் தர வேண்டும், பணியாளர் பிடிக்கலாகாது. பெற்றோர் தம் குழந்தையை என்றோ ஒருநாள் பிடிப்பார்கள். பணியாளரோ நாள்தோறும் பிடிக்க நேரும். அதனால்தான் இந்த விதி.

"இதைக் கேட்டாயா, மகளே?" என்றேன். "என் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்திடுபவர் அவர்தானே" என்றாள் தாழ்ந்த குரலில்.

ஆக, அந்தத் தாயின் அச்சம் முற்றும் வீண் அன்று. அவர் அஞ்சியது கதிருக்கு. அஞ்சியிருக்க வேண்டியது, கதிரின் முன் வாய் திறக்க முடியாத நிலைக்கு. "மகளைத் தடுக்காதீர்கள் அம்மா, கேட்பதற்குத் துணிவு கொடுங்கள்" என்றேன். விதியை எழுதி எடுத்துச் சென்று, தனியாக, பணிவோடு கேட்குமாறு மகளுக்கும் கூறினேன்.

பத்து நாள் கழித்துத் தாய் மீண்டும் வந்தார். மகள் கேட்டாளாம். பொறுப்பாளர் முதலில் முகம் சுளித்தார்; இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் அறைவாசலில் பெற்றோருக்கென்று ஒரு கவசம் தொங்கியது. ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது: கவசத்தை நீட்டினால் பெற்றோர் பலர் வாங்க மறுக்கிறார்கள். "அது உங்கள் வேலைதானே? நீங்களே பிடியுங்கள்" என்கிறார்களாம்.

இதற்காகவே இம்மடலை எழுதினேன். நாளை நீங்களும் உங்கள் செல்வத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் செல்லக்கூடும். இளம் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிக் கவசத்தை நீட்டுவாள். கருவுற்றிருந்தால் அதைச் சொல்லி, உடன் வந்த வேறொருவரிடம் கொடுங்கள். இல்லையேல் மறுக்காமல் வாங்கி அணிந்து, உங்கள் குழந்தையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். அந்த மாணவியும் ஒரு தாயின் குழந்தையே.

அடுத்த திங்கள் சந்திப்போம்.