தரையை மொட்டையடிக்க வேண்டுமா?

டெங்கில் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் நிலத்தை ஆண்டுதோறும் உழும் வழக்கம் இல்லை. ஒரு முறை நட்ட மரம் ஏறத்தாழ 25 ஆண்டுகள் நின்று பலன் தருகிறது. அதுவரை கலப்பை அந்த மண்ணைத் தொடுவதில்லை. வயலில் உழும்போதே களையில் பெரும்பகுதி அழிந்துவிடும். தோட்டத்தில் அதற்கு வழியில்லாததால், களைக்கொல்லியே முதல் துணை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் மாற வேண்டும்.

இரப்பர் காலத்தில் மரங்களுக்கிடையே ஒரு புல்கூடத் தலைகாட்டக் கூடாது என்பது பல தோட்ட நிர்வாகங்களின் கொள்கை. தொழிலாளர்கள் நாள் முழுவதும் குனிந்து புல்வெட்டினர். தரை பளிச்சென்று இருந்தது. மழையோ அந்த வெறுந்தரையின் மேல்மண்ணை அரித்து ஆற்றில் சேர்த்தது. மண்ணோடு சத்தும் போயிற்று. 1930களிலேயே மலாயாவின் இரப்பர் ஆராய்ச்சியாளர்கள் தரையில் செடிகொடி இருப்பது நல்லது என எடுத்துரைத்தனர். ஆனாலும், 'வெறுந்தரையே சுத்தமான தரை' என்ற ஆசை மறையவில்லை. மண்வெட்டி செய்த வேலையைப் பின்னாளில் மருந்து செய்தது.

அம்மருந்தை முதுகில் சுமந்து தெளித்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்; அவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகுதி. தலைவலி, கண்ணெரிச்சல், தோல் நோய் என அவர்கள் பட்ட துன்பங்களைத் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்தும் முடிவும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் நாள்தான். பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு சிறிதன்று.

தடை வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதா? ஒரு மருந்துக்குப் பதில் இன்னொரு மருந்து வந்தது, அவ்வளவே. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், அதைத் தாங்கும் களைகள் மட்டும் பிழைத்துப் பெருகும். கிளைபோசேட்டுக்கு அடங்காத எலூசின் இண்டிகா என்னும் புல் மலேசியாவில்தான் 1997இல் முதன்முதலாகப் பதிவானது.

செம்பனைத் தரையில் வளரும் செடியெல்லாம் பகையன்று. இளமரத்தைச் சுற்றி மூடும் மிக்கானியா கொடியை அகற்றத்தான் வேண்டும். மரத்தடி வட்டமும் குலை சுமக்கும் பாதையும் துப்புரவாக இருக்க வேண்டும்; இல்லையேல் உதிரிப்பழம் பொறுக்க முடியாது. மற்ற இடங்களில் பெரணிச்செடியும் மெல்லிய புல்லும் இருந்துவிட்டுப் போகட்டும். இளந்தோட்டமாயின் புவெராரியா, முக்குனா போன்ற அவரையினக் கொடிகளைப் படரவிடலாம். அவை நிழலால் களையை அடக்குகின்றன. வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்களால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தருகின்றன. வெட்டிய மட்டைகளை வரிசையாக அடுக்கினால் அவை மட்கி எருவாகும். ஆலையில் பழம் நீக்கிய வெறுங்குலைகளும் அப்படியே. குலையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த வெறுங்குலைதான். அதில் சாம்பல்சத்து நிறைந்துள்ளது.

உழாத நிலத்தின் இச்சிக்கல் செம்பனைக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் ஹரியானாவில், 1990களின் தொடக்கத்தில் கோதுமை வயல்களில் 'குல்லி தண்டா' என்னும் புல் வழக்கமான மருந்துக்கு அடங்காமல் போயிற்று. நெல் அறுத்த நிலத்தை உழாமலேயே கோதுமை விதைத்தபோது அதன் விதைகள் கிளறப்படவில்லை. களை குறைவாகவே முளைத்தது. வைக்கோலை எரிக்காமல் பரப்பிய வயல்களில் இன்னும் குறைந்தது. ஆனால், மட்கும் வைக்கோல் தொடக்கத்தில் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் உரமிடும் காலத்தையும் அளவையும் கவனிக்க வேண்டும்.

மூடுபயிருக்கும் வேலை உண்டு. முக்குனா வேகமாகப் படர்ந்து இளமரத்தின்மேல் ஏறிவிடும். அடிக்கடி இழுத்துவிட ஆள் வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள காலத்தில் ஒரு முறை மருந்து தெளிப்பது எளிது எனச் சிறுதோட்டக்காரர் கூறுவதில் நியாயம் உண்டு. ஆனால், 2022இல் உக்ரேன் போருக்குப்பின் உரவிலை ஏறியபோது அதிகம் திணறியவர்களும் சிறுதோட்டக்காரர்களே. மூடுபயிர் விதையையும் வெறுங்குலையையும் அவர்களுக்கு மலிவு விலையில் கிடைக்கச் செய்வது, புதிய மருந்தை அறிமுகப்படுத்துவதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை.