லாரி வைத்திருக்கும் மாமா நமக்கு இல்லை

என் சித்தி மகனிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது அவன் திண்டிவனம் பக்கம் ஒரு ஜல்லி லாரியில் கிளீனராக இருக்கிறான். கையில் லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஏன்டா கிளீனராகப் போகிறாய் என்று கேட்டேன். "எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே அக்கா" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த லைசென்ஸுக்காகச் சித்தி தன் தோட்டை அடகு வைத்து டிரைவிங் ஸ்கூலில் 22,000 ரூபாய் கட்டினார். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். சேர்ந்த முதல் நாளே பயிற்சியாளர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் அடுத்த கேள்வி: "ஊரா, காலனியா?" அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு பக்கெட்டும் துணியும் கிடைத்தன. ஏழு பேருக்கு ஒரே வண்டி. காலையில் வண்டியைக் கழுவுவது, டீ வாங்கி வருவது, பின்னால் வரும் வண்டிக்குக் கை காட்டுவது அவன் வேலை. மொத்தம் ஆறு நாள் ஸ்டியரிங் பிடித்தான், ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம், கால் மணி நேரம். மூன்றாவது கியரைத் தாண்டவே இல்லை. "உனக்கு எதுக்குடா அவசரம், லைசென்ஸ் கைக்கு வந்துடும்" என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள். வந்தும் விட்டது. தேர்வு நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினான், அவ்வளவுதான்.

நான் நேரில் போய்ப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். முப்பது நாளும் வந்ததாக அவன் கையெழுத்தே இருந்தது. சேர்ந்த அன்றே காலிக் கட்டங்களில் வரிசையாகப் போட வைத்திருக்கிறார்கள். "படிச்ச பொண்ணுதானேம்மா நீ, எல்லா எடத்துலயும் இப்படித்தான்னு தெரியாதா?" என்று உரிமையாளர் என்னைக் கேட்டார்.

தெரியாது என்பதே உண்மை. அம்பேத்கர் தொகுப்புகளிலிருந்து அடிக்குறிப்பு எடுத்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, மோட்டார் வாகன விதிகளில் ஒரு பக்கம்கூடத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் படித்தேன்.

கார் ஓட்ட யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், சட்டம் கேட்காது. லாரிக்கு அப்படி இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 9, போக்குவரத்து வாகன உரிமம் கேட்பவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும் என்கிறது. அதுதான் படிவம் 5. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கனரக வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் 15 மணி நேரமாவது மாணவர் கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டினார் என்பதை எழுதத்தான் படிவம் 15 என்ற பதிவேடு. சித்தி மகன் ஓட்டியதை எப்படிக் கூட்டினாலும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டவில்லை.

முன்பு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாமல் இந்த உரிமம் கிடைக்காது. 2019-இல் ஒன்றிய அரசு அந்தத் தகுதியை நீக்கியது. பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தப்பட்டவர்களில் அதிகம் பேர் நம் பிள்ளைகள்தான் என்பதால் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் படிப்பை எடுத்த பிறகு பாக்கி இருப்பது பயிற்சி ஒன்றுதான். அந்தப் பயிற்சியையும் கடையில் விற்கும் காகிதமாக மாற்றிவிட்டார்கள்.

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வருகிறது. நம் தோழர்களே சொல்கிறார்கள். "ஆர்.டி.ஓ. ஆபீஸ் லஞ்சம் எல்லாருக்கும் பொதுதானே, இதில் சாதி எங்கே வந்தது?"

வந்த இடத்தைச் சொல்கிறேன். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் லாரி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவனுக்கு மாமா வண்டி, இன்னொருவனுக்குப் பெரியப்பா வண்டி. மீசை முளைக்கும் முன்பே செங்கல் சூளையிலும் வயல் காட்டிலும் ஓட்டிப் பழகியவர்கள். அவர்களுக்கு டிரைவிங் ஸ்கூலில் தேவைப்பட்டது காகிதம் மட்டும்தான். 30 நாள் வராமலேயே அது கிடைத்தது அவர்களுக்கு வசதி. அதே பணத்தைக் கட்டிய என் தம்பிக்கு லாரியின் ஸ்டியரிங்கைத் தொட உலகத்தில் வேறு இடமே கிடையாது. அவனுக்கு அது வசதி இல்லை, திருட்டு. ஏமாற்று எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம், இழப்பு பொதுவாக இல்லை. லாரி யாரிடம் இருக்கிறது என்பதை நிலமும் முதலும் தீர்மானிக்கின்றன. நிலமும் முதலும் யாரிடம் என்பதைச் சாதி தீர்மானித்து வெகு காலம் ஆகிறது.

1929-இல் சாலிஸ்கானில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அம்பேத்கரே எழுதியிருக்கிறார். ரயில் நிலையத்திலிருந்து மகர்வாடாவுக்கு அவரை ஏற்றிச் செல்லக் குதிரை வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தரச் சம்மதித்தார்கள். அவரை நடக்கவைக்க மனம் வராத மகர்களில் ஒருவர், வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவர், கடிவாளத்தைப் பிடித்தார். வழியில் வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கர் கல் தரையில் தூக்கி வீசப்பட்டார். காலில் எலும்பு முறிந்தது. இந்தக் கதையைக் கூட்டங்களில் சொல்லும்போது வண்டிக்காரர்களின் சாதித் திமிரோடு நிறுத்திக்கொள்கிறோம். கடிவாளம் பிடித்த அந்த மகரைப் பற்றி நான் இப்போதுதான் யோசிக்கிறேன். அவருக்கு ஓட்டத் தெரியாமல் போனது அவர் குற்றமா? அன்று கற்றுத்தர மறுத்தார்கள். இன்று கற்றுத்தர மறுத்துவிட்டு, கற்றுத்தந்ததாகச் சான்றிதழும் கொடுக்கிறார்கள்.

அந்தச் சான்றிதழின் ஆபத்து முதல் விபத்தில் தெரியும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 106, அதை ஐந்து ஆண்டு வரை உயர்த்திவிட்டது. விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தெரிவிக்காமல் போனால் பத்து ஆண்டு என்ற உட்பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அது நிறுத்திவைக்கப்பட்டது. ஐந்து ஆண்டு அப்படியேதான் இருக்கிறது. வழக்கு வந்தால் பயிற்சியாளரை யாரும் கூண்டில் ஏற்றப் போவதில்லை. முப்பது நாள் கற்றதாகக் கையெழுத்துப் போட்டவன் எவனோ, அவன்தான் நிற்பான். தனக்கு ஓட்டத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கிளீனராகப் போன என் தம்பி, சான்றிதழ் கொடுத்தவர்களைவிட நேர்மையானவன்.

இடஒதுக்கீட்டுக்கும் இதில் தொடர்பு இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் ஓட்டுநர் பணியில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. ஆனால் கனரக உரிமம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. உரிமம் இருந்து ஓட்டத் தெரியாவிட்டால் தேர்வில் நிற்க முடியாது. போராடிப் பெற்ற இடங்களின் வாசலில் ஒரு தனியார் கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

இனி வரும் ஏற்பாடும் நமக்குச் சாதகமாக இல்லை. 2021-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மைய விதிகளில் கனரகப் பயிற்சி ஆறு வாரம், 38 மணி நேரம். நல்லதுதான். அங்கே தேறியவர்களுக்கு ஆர்.டி.ஓ. தேர்விலிருந்து விலக்கு. மையம் தொடங்கச் சமவெளியில் 2 ஏக்கர் நிலம் வேண்டும். பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்துவிட்டு நிற்கும் நம்மில் யார் இரண்டு ஏக்கர் காட்டப் போகிறோம்? கற்றுத்தருபவர், தேர்வு வைப்பவர், சான்று கொடுப்பவர் மூவரும் ஒருவரே ஆன பிறகு, "ஊரா, காலனியா?" என்று அவர் கேட்டால் எங்கே போய் முறையிடுவது?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டில் யாராவது ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகிறார் என்றால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பணம் கட்டும் முன் பள்ளியின் அசல் உரிமத்தைப் பாருங்கள். அதையும் பயிற்சியாளர்களின் பெயரையும் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது விதி. உரிமம் காலாவதியாகிவிட்டதா என்று தேதியைப் படியுங்கள். பயிற்சியாளர் பத்தாம் வகுப்பும் மோட்டார் மெக்கானிக் சான்றிதழும் ஐந்து ஆண்டு ஓட்டிய அனுபவமும் உள்ளவராக இருக்க வேண்டும். வண்டி பள்ளிக்கானதாக இருக்க வேண்டும். பயிற்சியாளர் பக்கமும் பிரேக் இருக்க வேண்டும். யாரோ ஒருவருடைய ஓட்டை லாரியைக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கட்டணத்தைப் பிரித்து எழுதி ரசீது கேளுங்கள். மத்திய விதிகளின்படி கற்றல் உரிமத்துக்கு 150 ரூபாய், ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300, இருக்கும் உரிமத்தில் புதிய வகை சேர்க்க 500. "ஆபீஸ் செலவு" என்று பத்தாயிரம் கேட்பவர் யாருக்காகக் கேட்கிறார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். தன்னால் உரிமம் வாங்கித்தர முடியும் என்று மாணவரை நம்பவைப்பதையே விதிகள் தடை செய்திருக்கின்றன. "லைசென்ஸுக்கு நான் கேரண்டி" என்பவர் அந்த நொடியே விதியை மீறிவிட்டார்.

விண்ணப்பத்தில் உங்கள் செல்போன் எண்ணைக் கொடுங்கள். புரோக்கர் தன் எண்ணைப் போட்டால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், உங்கள் பெயரில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வராதீர்கள். வெளிமாநில முகவரியில் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உரிமம் வந்ததும் பரிவாஹன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள்.

கார் உரிமம் எடுத்து ஒரு வருடம் ஆகாமல் கனரக எல்.எல்.ஆர். கிடைக்காது, வயது 20 ஆக வேண்டும். குறுக்கு வழி உண்டு என்பவர் பொய் சொல்கிறார். சின்ன லோடு வண்டி ஓட்ட பேட்ஜ் எடுக்கப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்குக் கார் உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை, அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டாத நாளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பாக்கெட் நோட்டில் தினமும் எத்தனை மணிக்கு ஏறினோம், எப்போது இறங்கினோம் என்று எழுதிவையுங்கள். பள்ளி ஏமாற்றினால் அந்த நோட்டும் ரசீதும்தான் சாட்சி. பள்ளியின் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு அதிகாரம் உண்டு. எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அலுவலகத்துக்கே பங்கு போகிறது என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. பலர் முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றம்.

ஒரு பையன் தனியாகப் போய் இதையெல்லாம் கேட்டால் வெளியே தள்ளுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் தம்பி ஏமாந்தது அறியாமையால் மட்டும் இல்லை, எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாததால். அதனால்தான் இதை இயக்கத்தின் வேலை என்கிறேன். கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்துவதைப் போன்ற பொதுத்துறைக் கனரகப் பயிற்சி மையம் மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்கான ஓட்டுநர் பயிற்சிக்கு தாட்கோ பணம் தரும்போது, பள்ளி நீட்டும் சான்றிதழைப் பார்த்துத் தரக் கூடாது. மாணவரை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தர வேண்டும். படிவம் 15 பதிவேடுகளை ஆர்.டி.ஓ. முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. எங்கள் காலனியில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர் இருக்கிறார். இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர். சித்தி மகன் கதையைக் கேட்டதும் திட்டினார். பிறகு தெரிந்தவரிடம் பழைய லாரி ஒன்றை ஞாயிற்றுக்கிழமை வாடகைக்குப் பேசினார். டீசலுக்கு நாங்கள் நான்கு பேர் பணம் போடுகிறோம். ஐந்து வாரம் ஆகிறது. போன வாரம் ஏரிக்கரை வளைவில் நான்காவது கியரில் ஓட்டியதாகத் தம்பி போன் செய்தான்.

லாரி வைத்திருக்கும் மாமா நமக்கு இல்லை. பஸ் ஓட்டிய பெரியப்பாக்கள் அநேகமாக எல்லாக் காலனியிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அதே கையோடு டிரைவிங் ஸ்கூலுக்கும் போய்ப் படிவம் 15-ஐக் கேட்போம், தனியாக இல்லை, பத்து பேராக.