அலுமாரிக்கு மேல் கிடக்கும் செஸ் போர்டை எறிய வேண்டாம்

கண்டி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்.

முந்தி சவூதி, குவைத் போய் வந்தவர்கள் சிலர் கொண்டு வந்த எலக்ட்ரோனிக் செஸ் போர்ட் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. "போனிலேயே செஸ் இருக்கே சேர், இது எதுக்கு?" என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

போனில் பிள்ளை காயைத் தொட்டதும் போகக்கூடிய கட்டங்களை அதுவே காட்டிவிடும். ராஜாவை இழுத்தால் கோட்டைக் காய் தானாகவே பாய்ந்து வரும். பழைய போர்ட் அப்படியில்லை. புறப்படும் கட்டத்தில் காயை வைத்து அழுத்த வேண்டும், சேரும் கட்டத்திலும் அழுத்த வேண்டும். பிழையென்றால் ஒரு சத்தம், அவ்வளவுதான். ஏன் பிழை என்று பிள்ளைதான் யோசிக்க வேண்டும். மெஷின் தன் நகர்வை ஓரத்துச் சிவப்பு லைட்டுகளால் காட்டும், காயை நகர்த்துவது பிள்ளையின் கை. அதை வேறு கட்டத்தில் வைத்துவிட்டால் போர்டில் ஒன்று, மெஷினின் ஞாபகத்தில் இன்னொன்று. அந்தக் கவனம்தான் நமக்கு வேண்டியது.

1977இல் அமெரிக்காவின் ஃபிடெலிட்டி கம்பனி விற்ற செஸ் சேலஞ்சரில் அழுத்தும் கட்டங்கள்கூட இல்லை. கல்குலேட்டர் மாதிரி பொத்தான்களில் எழுத்தும் இலக்கமுமாக அடிக்க வேண்டும். (முதல் மொடலில் எழுத்தும் இலக்கமும் இடம் மாறியிருந்தது வேறு கதை!)

போட்டிக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. போனில் கெட்டிக்காரன், ஆனால் நகர்வை எழுதச் சொன்னால் e4 எங்கே என்று தேடுகிறான். எழுத்து ஒழுங்காக இல்லையென்றால் ஒரே நிலை மூன்று தடவை வந்தது, ஆட்டம் சமன் என்று நடுவரிடம் எப்படிக் காட்டுவது? காஸ்லிங் செய்யப் போய் கோட்டைக் காயை முதலில் தொட்டால், ஃபிடே விதிப்படி அந்தப் பக்கம் அப்போது காஸ்லிங் செய்ய முடியாது. நீண்ட நேர ஆட்டத்தில் விதிக்கு மாறான நகர்வு ஒன்றுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், இரண்டாவதுக்கு ஆட்டமே போய்விடும். போன் இதில் எதையும் பழக்குவதில்லை.

போனைப் பறிக்கச் சொல்லவில்லை. வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு அது உதவிதான். ஆனாலும், 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சாம்பியனான சென்னைப் பிள்ளை குகேஷைப் பாருங்கள். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் தரத்துக்கு வரும்வரை கம்பியூட்டர் எஞ்சின் பாவிக்க விடவில்லை. சொந்தமாகக் கணக்குப் போடப் பழகட்டும் என்றுதான்.

ஆகவே அந்தப் போர்டை பக்கத்துப் பாடசாலை செஸ் கழகத்துக்குக் கொடுங்கள். பழைய பெட்டரி உள்ளே இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே அரித்துவிடும். காய் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, அழுத்தும் வகைப் போர்டுக்கு எந்தக் காயும் போதும்.