பூனை திமிர்ல மெத்தையில போகல

கவரைப்பேட்டையில பிரஷர் பார்க்க வந்த ஒரு அம்மா, கிளம்பும்போது கேட்டாங்க: "சார், பூனை மண் டப்பாவ விட்டுட்டு மெத்தையில மூத்திரம் போகுது. அடிச்சும் திருந்தல. அரை பாராசிட்டமால் குடுக்கவா?"

குடுக்கவே கூடாது. அதை உடைக்கிற என்சைம் பூனை ஈரலில் போதிய அளவு கிடையாது. அரை மாத்திரையே உயிரை எடுத்துடலாம். மெத்தையில பினாயில் ஊத்துறதும் வேண்டாம், அதுவும் அதுக்கு விஷம்.

நான் மனுஷ டாக்டர்தான். ஆனாலும் சொல்றேன், அடிக்கிறதுக்கு முன்னாடி நோயான்னு பாருங்க. கடுவன் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டுகூட வரலைன்னா குழாய் அடைச்சிருக்கும். ஓரிரு நாள்ல செத்துடும். நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காம வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

நோய் இல்லைன்னா டப்பாவைப் பாருங்க. தினமும் அள்ளுறீங்களா? அந்த அம்மா வீட்டு டப்பா வாஷிங் மெஷின் பக்கத்துலயாம். அது தடதடன்னு சுத்தும்போது நீங்க போவீங்களா?