ஊருக்குக் கணக்கு வேண்டும். கணக்கு எண் எதற்கு?

பொதுப் பணம் யாருக்குச் சென்றது என்று கேட்கும் உரிமை நமக்கு எளிதில் கிட்டியதன்று. 1990-களில் இராசஸ்தானத்துச் சிற்றூர்களில் தொழிலாளர்கள் ஒன்றுகூடி, கூலிப் பதிவேடுகளை ஊரறிய உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. இத்தகைய முயற்சிகள் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தன. மானியத் திட்டங்களின் பயனாளிகள் பற்றிய விவரங்களை, எவரும் கேளாமலேயே அரசு அமைப்புகள் வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4-ஆம் பிரிவு.

ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய பட்டியலை அவ்வூரார் மட்டுமே படித்தனர். அதே பட்டியல் இணையத்தில் ஏறியதும், முகமறியாத எவரும் அதைப் படிக்கலாம், படியெடுத்துச் சேர்த்தும் வைக்கலாம் என்றாயிற்று. வேலை உறுதித் திட்டம், சமூக ஓய்வூதியம் போன்றவற்றுக்கான நான்கு அரசுத் தளங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் அறிக்கை, ஏறத்தாழ 13 கோடி ஆதார் எண்களும் 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் வெளிப்பட்டிருக்கக்கூடும் என மதிப்பிட்டது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதற்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருந்தும் இது நேர்ந்தது.

கணக்கு எண்ணை மட்டும் கொண்டு பணத்தை எடுத்துவிட முடியாது என்பது உண்மையே. ஆயினும் மோசடிக்காரர் முதலில் திருட விரும்புவது நம் நம்பிக்கையை. பெயர், ஊர், ஓய்வூதியத் தொகை, கணக்கு எண் ஆகியவற்றைத் தொலைபேசியில் பிழையின்றிச் சொல்பவரை வங்கி அலுவலர் என்றே ஒரு முதியவர் எண்ணக்கூடும். அடுத்துக் கேட்கப்படும் ஓடிபியையும் தயங்காமல் சொல்லிவிடுவார்.

அதற்காகப் பட்டியலையே மூடிவிடலாமா? கூடாது. மூடினால் மகிழ்பவர்கள் போலிப் பெயர்களில் பணம் பெறுவோரே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது குடிமக்களைக் காக்கவே. அலுவலகங்களின் முறைகேடுகளுக்குத் திரையிட அன்று.

கூலிப் பட்டியலைச் சரிபார்க்கப் பெயர், ஊர், வேலை செய்த நாள்கள், தொகை ஆகியவை போதும். அவர் அவ்வூரில் இருக்கிறாரா, வேலைக்கு வந்தாரா என்பதை ஊராரே சொல்லிவிடுவர். ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் கணக்கு எண்ணும் அதற்குத் தேவையில்லை. ஏடிஎம் ரசீதில்கூட அட்டை எண்ணை முழுமையாக அச்சிடாமல் மறைக்கிறோம். அந்த எச்சரிக்கையை உள்ளாட்சித் தளங்களும் கைக்கொள்வதில் பெருஞ்செலவோ பெருந்தடையோ இல்லை.

நம் ஊராட்சி, நகராட்சித் தளங்களை நாமும் பார்வையிடுவோம். செலவுக் கணக்கு இல்லையெனில் கேட்போம். தனிமனித எண்கள் தென்பட்டால் அவற்றை நீக்குமாறு எழுத்து மூலம் கோருவோம். நம் விவரங்களை எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும், ஓடிபி கேட்பவர் வங்கியைச் சேர்ந்தவரல்லர் என்பதை வீட்டு முதியோர்க்கு எடுத்துரைப்போம். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்து முறையிடுவோம்.