செல்போன் சிக்னலை வீட்டு இணையமாகக் கணக்கெழுதாதீர்கள்: கடலூர், சிதம்பரம் வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட ஆட்சியருக்கும், தமிழ்நாடு அரசுக்கும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கும், இங்கே சேவை தரும் எல்லா நிறுவனங்களுக்கும்:

செல்போன் டேட்டாவை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. கரையோரம் வலை பிரிப்பவருக்கும் வயலில் நிற்பவருக்கும் அதை விட்டால் வழியில்லை. ஆனால், அதைக் காட்டியே ஊருக்கு இணையம் வந்தாயிற்று என்று கணக்கை முடிப்பதை ஏற்க மாட்டோம். 2025 மார்ச்சில் நாட்டிலிருந்த சுமார் 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகளில் கம்பிவழி வந்தவை 4 கோடிச் சொச்சம்தான்.

கிள்ளைப் பக்கம் ஒரே ஸ்மார்ட்போன் உள்ள மீனவர் வீட்டை எண்ணிப் பாருங்கள். அப்பா படகேறினால் வீட்டின் இணையமும் கூடவே கடலுக்குப் போய்விடுகிறது. அவர் கரை திரும்பியதும் மகள் ஹாட்ஸ்பாட் போட்டுக் கல்லூரிப் பாட வீடியோவைத் திறக்கிறாள். அன்றைய 1.5 ஜிபி தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ். பிராட்பேண்டுக்கு 2023-ல் அரசே வகுத்த குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ்.

டவரின் அலைவரிசையை ஊரே பங்குபோடுவதால் மாலையில் வேகம் படுத்துவிடுகிறது. ஃபைபரிலும் ஓர் இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது என்றாலும், அதன் கொள்ளளவு 2.5 ஜிபிபிஎஸ் என்பதால் தாங்குகிறது. ஏர்ஃபைபர் என்று விற்கப்படும் கம்பியில்லா வீட்டு இணையமும் கடைசிக் கட்டத்தில் டவரை நம்பியதே. விற்கும்போதே அதைச் சொல்ல வேண்டும்.

ஊராட்சிகளை இணைக்கும் அரசுத் திட்டமான பாரத்நெட்டின் ஃபைபர் ஊராட்சி அலுவலகத்தோடு நிற்கக் கூடாது. அங்கிருந்து பள்ளிக்கும் நூலகத்துக்கும் வீடுகளுக்கும் இழுக்கும் வேலையை உள்ளூர் கேபிள்காரர்களிடம், நியாயமான வாடகையில் ஒப்படையுங்கள். தெருவை அறிந்தவர்கள் அவர்கள். லைன் அறுந்தால் அன்றே ஏணியோடு வருபவர்களும் அவர்களே.

புயல் எங்களுக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல், 2015-ல் பெருமழை வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும். ‘தானே’ புயல் சாய்த்த மாதிரியான ஈ.பி. கம்பங்களில்தான் இன்று ஃபைபரையும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். முதன்மைக் கேபிள்களை மண்ணுக்கடியில் பதித்து, ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் ஓடும்படி வளையமாக இணையுங்கள். கரண்ட் போனதும் டவர் அணையாதிருக்க, பேட்டரியும் ஜெனரேட்டர் டீசலும் புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பப்பட வேண்டும். வீட்டு மோடத்துக்கான சிறிய யுபிஎஸ்ஸை இணைப்போடு சேர்த்தே கொடுங்கள்.

டிராயின் 2024 விதிகளில் எங்களுக்கு ஒரு குறை உண்டு. மாவட்ட அளவிலான பெரிய முடக்கம் 24 மணி நேரத்தைத் தாண்டினால்தான் கட்டணக் கழிவோ கூடுதல் வேலிடிட்டியோ கிடைக்கும். பரங்கிப்பேட்டை இருண்டு கிடந்தும் அதே மாவட்டத்து விருத்தாசலத்தில் சிக்னல் இருந்தால் எங்கள் முடக்கம் கணக்கில் வராமல் போகலாம். அளவுகோலை ஊராட்சி, நகர வார்டு மட்டத்துக்கு இறக்குங்கள்.

கடலூர் மாவட்டத்தின் 683 ஊராட்சிகளிலும் எத்தனை வீடுகளுக்குக் கம்பிவழி இணைப்பு உண்டு, மாலையில் மொபைல் வேகம் எவ்வளவு, எந்த டவருக்கு எத்தனை மணி நேர பேக்கப் என்ற விவரத்தை, பருவமழைக்கு முன் வரும் அக்டோபர் 2 கிராம சபையில் ஊரறிய வாசிக்க வேண்டும். பதில் சொல்ல நிறுவன அதிகாரிகளும் அங்கே வந்து உட்கார வேண்டும்.